முகத்து மங்கும் லேசர் விளம்பரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழோடு வந்த இணைப்பின் கடைசிப் பக்கத்தை முழுவதுமாக நிறைத்திருந்த ஒரு விளம்பரத்தைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். கன்னங்களில் மங்கு என்னும் பழுப்புக் கருமை படர்ந்த ஒரு பெண்ணின் முகம் இடப்பக்கமும், துடைத்தெடுத்தாற்போல் தெளிந்த அதே முகம் வலப்பக்கமும் அச்சாகியிருந்தன. மங்கு, கருந்திட்டு, கருமை எதுவானாலும் லேசர் மூலம் நிரந்தரத் தீர்வு என்றும், வலியோ பக்கவிளைவோ கிடையாது என்றும், முகத்தின் நிறமும் கூடும் என்றும் அதில் எழுதியிருந்தது. தவணையில் பணம் கட்டும் வசதி உண்டு என்ற குறிப்பும் கைப்பேசி எண்ணும் பெரிய எழுத்தில் இருந்தன. சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரின் பெயரும் அவருடைய பதிவு எண்ணும் எந்த மூலையிலும் இல்லை.

நான் ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர். 31 ஆண்டுப் பணியில் கடைசி 12 ஆண்டுகளை ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் கழித்தேன். மருத்துவர் லேசர் செய்யும்போது நோயாளியின் தலைமாட்டில் நின்று, கண்களுக்குக் கவசம் பொருத்தி, சிகிச்சை முடிந்ததும் ஐஸ் வைத்து, வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லி அனுப்புவது என் வேலையாக இருந்தது. லேசர் என்றாலே கெடுதல் என்று நினைக்கிறவள் அல்லள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்தக் கருவியால் நலமடைந்து மகிழ்ச்சியோடு வீடு திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் மங்குக்கு அதை நிரந்தரத் தீர்வு என்று விற்பது உண்மைக்கு மாறானது. அந்த வார்த்தையை நம்பிப் போன ஒருத்தி என் சொந்தக் குடும்பத்திலேயே இருக்கிறாள்.

என் தங்கை மகளுக்கு வயது 31. இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்தபோது, ஆறாம் மாத வாக்கில், இரு கன்னத்து எலும்பின் மேலும் மூக்குத் தண்டிலும் மேலுதட்டின் மேற்புறத்திலும் மங்கு விழுந்தது. கர்ப்ப காலத்தில் மங்கு வருவது வழக்கம்தான். பிள்ளை பெற்ற சில மாதங்களில் பலருக்கு அது தானாகவே வெளுத்தும் விடுகிறது. இவளுக்கு வெளுக்கவில்லை. குழந்தைக்கு இரண்டு வயதான பிறகும் அப்படியே இருந்தது. கல்யாண வீட்டிலும் காதுகுத்து வீட்டிலும் பார்க்கிறவர்கள் எல்லாம் "முகம் ஏன் இப்படிக் கறுத்துப் போச்சு, உடம்புக்கு என்ன?" என்று கேட்டுக் கேட்டு, பிறர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே அவள் குறைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் இதே போன்ற ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நகரின் கடைவீதியில் மாடியில் இயங்கும் ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். அதன் பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை.

வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண் அவளை உட்காரவைத்து முகத்தைப் படம் எடுத்து, பத்து சிட்டிங் கொண்ட பேக்கேஜுக்கு 38,000 ரூபாய் என்று சொல்லி, அன்றைக்கே தவணை அட்டையில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. அவள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். மங்கைத் தூண்டும் காரணங்களில் அந்த மாத்திரையில் உள்ள ஹார்மோன்களும் ஒன்று என்பதால், தோல் நோய்ப் பிரிவில் முதல் நாளே கேட்கப்படும் கேள்வி அது. நண்பகல் வெயிலில் எவ்வளவு நேரம் வண்டி ஓட்டுகிறாய், முன்பு என்ன கிரீம் போட்டாய், அம்மாவுக்கோ அக்காவுக்கோ மங்கு உண்டா என்பவற்றில் ஒன்றையும் யாரும் கேட்கவில்லை.

முதல் மூன்று சிட்டிங்கில் முகம் தெளிந்தது. அதை நான் மறுக்கவில்லை. என் தங்கை கைப்பேசியில் அனுப்பிய படத்தில் நானே பார்த்தேன். ஏழாவது சிட்டிங் முடிந்து ஒரு வாரம் இருக்கும், அவள் என் வீட்டுக்கு வந்தாள். கூடத்து ட்யூப் லைட் வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் அழைத்துப்போய் முகத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான், இரண்டு கன்னங்களிலும் கடுகைத் தூவினாற்போல் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருப்பது தெரிந்தது. எண்ணத் தொடங்கி, இடது கன்னத்தில் மட்டும் இருபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். "பெரியம்மா, தேமலா இது?" என்று கேட்டாள். தேமல் இல்லை. அடிக்கடி லேசர் பட்டதனால் நிறம் தரும் உயிரணுக்கள் அந்த அந்த இடத்தில் அடங்கிப்போனதன் அடையாளம் அது. கிளினிக்கில் கேட்டதற்கு, இன்னும் மூன்று சிட்டிங் மீதி இருக்கிறது, அதில் எல்லாம் சமமாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் நிறுத்தச் சொன்னேன். நிறுத்திய மூன்றாம் மாதம், பங்குனி வெயிலில், பழைய மங்கு பழைய இடத்திலேயே முன்னைவிடக் கருமையாகத் திரும்பி வந்தது. இப்போது அவள் முகத்தில் மங்கும் இருக்கிறது, அதன் நடுவே வெள்ளைப் புள்ளிகளும் இருக்கின்றன.

இது ஒருத்திக்கு நேர்ந்த தற்செயலான விபத்து என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக, லேசர் தோலில் எப்படி வேலை செய்கிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். எங்கள் துறைத் தலைவர் பயிற்சி மருத்துவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது ஓரமாக நின்று கேட்டது இது. குறிப்பிட்ட அலைநீளம் கொண்ட ஒளியை மிகக் குறுகிய நேரத்துக்குப் பாய்ச்சினால், அதை உறிஞ்சும் பொருள் மட்டும் சூடாகி உடையும், சுற்றியிருக்கும் திசுக்களுக்கு அந்தச் சூடு பரவாது என்பது 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் ஆகிய இருவரும் வகுத்துச் சொன்ன கொள்கை. தோலில் நிறத்துக்காகப் பயன்படும் கியூ-சுவிட்ச்டு என்டி-யாக் என்னும் லேசர், ஒரு விநாடியை நூறு கோடிக் கூறாக்கினால் அவற்றில் சில கூறுகள் மட்டுமே நீடிக்கும் துடிப்பாகப் பாய்கிறது. அந்தத் துடிப்பில் மெலனின் என்னும் நிறமித் துகள்கள் சிதறுகின்றன. சிதறிய தூளை உடம்பின் துப்புரவு உயிரணுக்கள் விழுங்கி அகற்றுகின்றன. படுத்திருப்பவருக்கு ரப்பர் பேண்டைச் சுண்டி அடித்தாற்போல் இருக்கும். டப் டப் என்று ஒரு சத்தம் கேட்கும். பூனைமுடி பொசுங்கும் வாசனை லேசாக வரும்.

இந்தக் கொள்கை ஒழுங்காகப் பொருந்துகிற இடங்கள் உண்டு. பச்சை குத்தியதை அழிப்பது அவற்றில் முதன்மையானது. ராணுவத்திலும் காவல் துறையிலும் சேர விண்ணப்பித்துவிட்டு, முன்கையில் குத்திய பெயரையோ படத்தையோ அழிக்க வேண்டும் என்று எங்கள் பிரிவுக்கு வந்த இளைஞர்கள் பலர். கறுப்பு மை இந்த ஒளியை நன்றாக உறிஞ்சும் என்பதால், மாதக் கணக்கில் இடைவெளி விட்டுப் பல முறை செய்தால் படிப்படியாக மங்கி மறையும். பிறவியிலோ பருவ வயதிலோ ஒரு பக்கக் கண்ணைச் சுற்றி நீலச் சாம்பல் நிறத்தில் படரும் ஓட்டா மச்சத்துக்கு இதைவிட நல்ல சிகிச்சை இன்று இல்லை என்றே சொல்லலாம். அந்த மச்சத்தோடு வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, ஒரு பக்க முகத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டே எங்கள் பிரிவின் படியேறுவாள். கடைசி முறை வந்தபோது தலையை வாரிப் பின்னிக்கொண்டு, முகத்தை மூடாமல் நடந்து வந்தாள். அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் மங்கு அந்த இனத்தைச் சேர்ந்தது அன்று. பச்சையில் இருக்கும் மை வெளியிலிருந்து ஒருமுறை உள்ளே போனது. அதை உடைத்து அகற்றினால் மறுபடி ஊறி வராது. மங்கிலோ, நிறமியைச் செய்கிற உயிரணுக்களே வெயிலாலும் ஹார்மோனாலும் குடும்ப வழி வந்த இயல்பாலும் தூண்டப்பட்டு, ஓயாமல் செய்துகொண்டே இருக்கின்றன. அடியில் ஓதம் ஏறிய சுவரைச் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளையடித்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும். வெள்ளையடித்த வாரம் சுவர் பளிச்சென்றுதான் இருக்கும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே கறை எழும்பும். சுவராவது சுரண்டியதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. தோல் கோபித்துக்கொள்ளும். சூடு பட்ட தோல் அழன்று, அந்த அழற்சிக்கு விடையாகவே மேலும் நிறமியை உண்டாக்கும் குணம் மாநிறமும் கறுப்புமான தோலுக்கு அதிகம். நம் ஊரில் ஒரு பரு வந்து போனாலும் கொசுக்கடியைச் சொறிந்தாலும் கரும்புள்ளி மாதக் கணக்கில் நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்; அதற்குக் காரணம் இதே குணம்தான்.

வெயிலில் தோல் எப்படிக் கன்றுகிறது, எப்படிக் கறுக்கிறது என்பதை வைத்துத் தோலை வகைப்படுத்தும் முறையை 1975ஆம் ஆண்டில் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் தந்தார். இன்று உலகமெங்கும் பயன்படும் அந்த ஆறு வகைகளில் தமிழ்நாட்டு மக்களில் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகைகளில் வருகிறோம். வெளுத்த தோலில் உள்ள ஒரு கருந்திட்டைத் தேடிப் போகும் ஒளிக்குத் திட்டு எது, சுற்றுத் தோல் எது என்ற வேறுபாடு உண்டு. நம் தோலில் திட்டிலும் மெலனின், சுற்றிலும் மெலனின். ஒளிக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் நம் தோலுக்கு அலைநீளம் 1064 நானோமீட்டர் என்று இருப்பதைத் தேர்ந்து, ஆற்றலைக் குறைத்து, முதலில் காதோரம் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்த்து, சில வாரம் காத்திருந்து, பிறகே முகத்துக்கு வருவார்கள் எங்கள் மருத்துவர்கள். ஐபிஎல் என்ற பெயரில் பார்லர்களிலும் இருக்கும் கருவி லேசரே அன்று. பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி அது. நம் நிறத்துக்கு அதில் சுட்டுவிடும் வாய்ப்பு இன்னும் கூடுதல். என் தங்கை மகளுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை என்று செய்யப்பட்டது லேசர் டோனிங் எனப்படுவது. குறைந்த ஆற்றலில் திரும்பத் திரும்பச் செய்யும் அந்த முறையில் வெள்ளைப் புள்ளிகள் விழுவதும், நிறுத்தியதும் மங்கு திரும்புவதும் தோல் மருத்துவ நூல்களில் எழுதப்பட்டிருக்கும் பக்கவிளைவுகள். இவை தெரிந்திருந்தும் பக்கவிளைவு இல்லை என்று அச்சிடுகிறார்களா, தெரியாமலேயே செய்கிறார்களா? இரண்டில் எது உண்மையானாலும் எனக்கு அச்சமாக இருக்கிறது.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கருவிழி வழியாகப் புகுந்து விழித்திரை வரை போய்ச் சுட்டுவிடும். எங்கள் லேசர் அறைக் கதவில் எச்சரிக்கைப் பலகை இருக்கும். எந்த அலைநீளத்துக்கு என்று அச்சிட்ட கண்ணாடியைத்தான் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் அணிய வேண்டும். நோயாளிக்கு உலோகக் கவசம். என் தங்கை மகளின் கண்கள்மேல் நனைத்த பஞ்சை வைத்துவிட்டு, அசையாமல் இரு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது, வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தபோது வந்ததைவிட அதிகமாக எனக்குப் பதறியது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. முகத்தில் உள்ள கருமை மங்குதானா? தோல் நோய்ப் பிரிவின் வெளிநோயாளிக் கூட்டத்தில், மங்கு என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காருகிறவர்களில் வேறு ஏதோ உள்ளவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். நெற்றியோரமும் காதோரமும் சாம்பல் படிந்தாற்போல் கறுத்துவந்த ஓர் அம்மாவை நான் மறக்கவில்லை. மங்குக்கு என்று ஊர்ப்பட்ட கிரீம்களைப் பூசிப் பார்த்துவிட்டு வந்தவர். மருத்துவர் அவருடைய தலைமுடியை விலக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை நாளைக்கு ஒருமுறை டை அடிக்கிறீர்கள் என்று கேட்டார். கறுப்பு டையில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் ஒத்துக்கொள்ளாமல் வந்த கருமை அது. டையை நிறுத்திய பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது. அவருக்கு லேசர் செய்திருந்தால் பணமும் போயிருக்கும், கருமையும் கூடியிருக்கும். மலிவான குங்குமத்தில் கலக்கும் சாயத்தால் நெற்றி கறுப்பவர்கள் உண்டு. ஸ்டிக்கர் பொட்டின் பசையால் பொட்டு வைக்கும் இடம் வெளுத்துப் போகிறவர்களும் உண்டு. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுப்பது பெரும்பாலும் உடல் பருமனோடும் சர்க்கரை நோய்க்கு முந்திய நிலையோடும் தொடர்புடையது. அதற்குத் தேவை ரத்தப் பரிசோதனையும் எடைக் குறைப்பும். இவற்றையெல்லாம் பிரித்தறிய, படித்த கண்ணும் தேவையான இடத்தில் உட்ஸ் விளக்கு என்னும் புற ஊதா ஒளி விளக்கும் உருப்பெருக்கியும் வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு பேக்கேஜ் சொல்கிறவரால் இது ஆகாது.

அப்படியானால் மங்குக்கு வழியே இல்லையா என்று கேட்பவர்களுக்கு, இருக்கிறது என்பதையும் தங்கள் இதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். முதல் மருந்து வெயிலைத் தடுப்பது. இதைக் கேட்டதும் இவ்வளவுதானா என்று முகம் சுளிப்பவர்களே அதிகம். ஆனால் இது இல்லாமல் மற்ற எந்த மருந்தும் நிற்காது. சன்ஸ்கிரீன் என்றால் பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தடவுவது போதாது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும், வெயிலில் இருக்கும்போது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி கண்ணாடியைத் தாண்டியும் வரும் என்பதால், தினமும் பேருந்தில் ஒரே பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களும் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சாதாரண ஒளியே மங்கைத் தூண்டும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாகத் தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிரீனை மருத்துவர்கள் மங்குக்கென்று தனியாக எழுதித் தருகிறார்கள். நம் பாட்டிமார் வெயிலில் இறங்கும்போது முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டதும், குடை இல்லாமல் வயலுக்குப் போகாததும் அறிவான பழக்கங்கள். குடையை நாம் மழைக்கென்று ஒதுக்கிவிட்டோம்.

இரண்டாவதாக, மருத்துவரின் கண்காணிப்பில் பூசும் கிரீம்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மென்மையான ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீம் சில வாரங்களுக்கு மட்டும் தரப்படும். பிறகு அசெலாயிக் அமிலம் போன்ற, நீண்ட நாள் பூசக்கூடியவற்றுக்கு மாற்றுவார்கள். டிரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரை சிலருக்கு நல்ல பலன் தருகிறது. ஆனால் ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கும் குடும்பத்தில் அப்படி இருப்பவர்களுக்கும் அதைத் தரக் கூடாது என்பதால், கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும். இவ்வளவும் செய்து பார்த்தும் குறையாதபோது, இவற்றை நிறுத்தாமலே, துணையாக மட்டும் லேசர் வருகிறது. வரிசையில் கடைசியாக வர வேண்டிய அதை முதலாவதாக வைத்து விற்பதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

அந்தக் கிளினிக்கில் வீட்டில் பூசிக்கொள்ள என்று என் தங்கை மகளுக்கு ஒரு வெள்ளை டப்பாவும் கொடுத்திருந்தார்கள். மூடியில் இரவு என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருந்ததைத் தவிர, அதில் என்ன மருந்து, யார் தயாரித்தது, எப்போது காலாவதி ஆகும் என்று ஓர் எழுத்தும் இல்லை. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்பதால், அதைப் பற்றி நான் எதுவும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பெயர் இல்லாத டப்பாவை யாரும் முகத்தில் பூசக் கூடாது என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. வீரியமான ஸ்டீராய்டு கிரீம்களைச் சிவப்பழகு கிரீம் என்று பூசி, தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வலைபோலத் தெரிந்து, கிரீமை நிறுத்தினால் எரிச்சலால் துடிக்கும் பெண்களை எங்கள் பிரிவில் வாரந்தோறும் பார்த்தோம். தோல் மருத்துவர்களின் சங்கம் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படி மெலிந்த முகத்தின் மேல் லேசர் பட்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை.

விளம்பரத்தில் நிறமும் கூடும் என்ற வரி என்னை மிகவும் வருத்தியது. மங்குக்குச் சிகிச்சை தேடும் பெண் கேட்பது தன் சொந்த நிறத்தை. தன் தாய் தந்தை தந்த நிறம் முகம் முழுவதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதை. அவளுக்குச் சிவப்பாக்குகிறேன் என்று ஆசை காட்டுவது வேறு வியாபாரம். கறுப்பு நோயன்று. கறுத்த தோலை ஒரு குறையாகக் காட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014ஆம் ஆண்டிலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. எந்த லேசராலும் ஒருவரை அவருடைய பிறவி நிறத்தைவிட நிலையாக வெளுப்பாக்க முடியாது. அப்படி வெளுப்பாக்கியதாகத் தோன்றும் முகங்களில் ஒன்றைத்தான் நான் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை நமக்கு எதுவும் புதிதாக வேண்டியதில்லை. மருத்துவர் தம் மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைத் தம் மருத்துவமனையில் காட்சிக்கு வைப்பதோடு, மருந்துச் சீட்டிலும் பணம் பெற்ற ரசீதிலும் குறிப்பிட வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவத் தொழில் நடத்தை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. என் தங்கை மகளிடம் இருக்கும் நான்கு ரசீதுகளிலும் சரக்கு மற்றும் சேவை வரி எண் இருக்கிறது. மருத்துவர் எண் ஒன்றிலும் இல்லை. அவளுக்கு லேசர் செய்தது யார் என்று விசாரித்தபோது, மூன்று மாத அழகுக்கலைப் பயிற்சி முடித்த இளம்பெண் என்று தெரிந்தது. அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சம்பளத்துக்குச் சொன்னதைச் செய்தாள். மருத்துவர் பெயரில் அறையைத் திறந்துவிட்டு மருத்துவர் இல்லாமல் நடத்துகிற முதலாளிதான் பொறுப்பு. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி தனியார் மருத்துவமனையும் கிளினிக்கும் பதிவு பெற வேண்டும். மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தார், பிரசவம் பார்க்கும் இடங்களையும் அறுவைச் சிகிச்சை செய்யும் இடங்களையும் பார்ப்பதுபோல், லேசர் கருவி வைத்திருக்கும் அழகு நிலையங்களையும் முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். கருவியை இயக்குபவர் யார், அவர் என்ன படித்தவர் என்று கேட்டாலே பல இடங்களில் விஷயம் வெளிப்பட்டுவிடும்.

லேசருக்கு முன் வாங்கும் ஒப்புதல் படிவமும் தமிழில் இருக்க வேண்டும். என் தங்கை மகளிடம் கையெழுத்து வாங்கிய மூன்று பக்கமும் ஆங்கிலத்தில் இருந்தன. இரண்டாம் பக்கத்தின் நடுவே, நிறம் குறையலாம், நிறம் கூடலாம், மங்கு திரும்பலாம் என்று எழுதியிருக்கிறது. நான் படித்துப் பார்த்தேன். வாயால் பக்கவிளைவு இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் படிக்காத மொழியில் எல்லாப் பக்கவிளைவையும் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் இதை வைத்து வழக்குத் தொடுக்கலாம் என்று வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். அவள் கணவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவளோ இனி யாரும் தன் முகத்தைப் படம் எடுப்பதையே விரும்பவில்லை.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தங்கள் நாளிதழுக்கு வரும் தோல் சிகிச்சை விளம்பரங்களில், சிகிச்சை செய்யும் மருத்துவரின் பெயரும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இல்லாதவற்றை ஏற்க வேண்டாம். நிரந்தரத் தீர்வு, பக்கவிளைவு இல்லை, நிறம் கூடும் என்ற சொற்கள் இருந்தால் நீக்கிவிட்டுத் தரும்படி விளம்பரதாரரிடம் கேளுங்கள். விளம்பர வருமானம் இல்லாமல் நாளிதழ் நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீடுகளில் பேப்பரில் போட்டிருக்கிறது என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை. என் தங்கை மகள் அந்த மாடிப்படி ஏறியதும் அந்த நம்பிக்கையில்தான். சித்திரை வெயில் தொடங்குவதற்கு முன், அரசு மருத்துவக் கல்லூரித் தோல் நோய்ப் பேராசிரியர் ஒருவரைக் கொண்டு மங்கு பற்றி வாசகர் கேள்விகளுக்கு ஒரு பக்கம் பதில் வெளியிட்டால், அரசு மருத்துவமனைத் தோல் நோய்ப் பிரிவில் கட்டணம் இல்லாமலே காட்டலாம் என்பதையாவது பலர் அறிந்துகொள்வார்கள்.

அவள் இப்போது நான் பணிபுரிந்த பிரிவிலேயே காட்டிவருகிறாள். மருத்துவரின் ஆலோசனைப்படி கருத்தடை மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு முறைக்கு மாறியிருக்கிறாள், குடை பிடிக்கிறாள், தினமும் இருமுறை சன்ஸ்கிரீன் பூசுகிறாள். மங்கு ஓரங்களில் சற்று வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. வெள்ளைப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. அவை நிறம் திரும்ப மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம், சில திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் அவளிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

தாங்கள் சரிபார்த்துக்கொள்வதற்காக, ரசீதுகளின் நகலையும் ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பக்க நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன். அவற்றில் அவளுடைய பெயரையும் கிளினிக்கின் பெயரையும் மறைத்திருக்கிறேன். அவள் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் என் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
திருச்சிராப்பள்ளி.